‘இயேசு இந்தியாவுக்கு வந்தாரா?’ என்று கேட்கும் மகளை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

அரை மணி நேரம் போனில் பேசினீர்கள். அதில் நான்கு முறை “இது சோறு போடுமா சார்?” என்று கேட்டீர்கள். பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், ஆதிக் கிறிஸ்தவத்துக்கும் பௌத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயப் போகிறேன் என்கிறாள். அவள் விசுவாசம் போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். உங்களுக்குச் சம்பளத்தைப் பற்றிப் பயம். அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லும் ஆள் நான் இல்லை, போதகரிடம் பேசச் சொல்லுங்கள். உங்களுடையதற்கு வருகிறேன்.

முதலில் அவள் எந்த வாசல் வழியாக இதற்குள் வந்தாள் என்று பாருங்கள். இயேசு இளமையில் லடாக்குக்கு வந்தார் என்ற வீடியோ பார்த்துத்தான் என்றால் கொஞ்சம் கவலைப்படலாம். 1894இல் நோட்டோவிச் என்ற ரஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் பௌத்த மடத்தில் அப்படி ஒரு சுவடியைக் கண்டதாக நூல் எழுதினார். மறு ஆண்டே ஆக்ரா கல்லூரி ஆசிரியர் ஆர்ச்சிபால்டு டக்ளஸ் அந்த மடத்துக்கே போய் விசாரித்தார். அப்படி ஒரு நூல் இங்கே இல்லை என்றார் தலைமை லாமா. விஷயம் அங்கேயே முடிந்தது. ஆனால் இன்றைக்கும் அதை வைத்துத்தான் பார்வைகள் அள்ளுகிறார்கள்.

சரி, உண்மையான விஷயம் இதைவிடச் சுவையானது. கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் யோசபாத் என்று ஒருவர் இருந்தார்; நவம்பர் 27 அவருடைய நாள். இந்திய இளவரசர், அரண்மனைக்குள் துன்பமே தெரியாமல் வளர்ந்தவர், நோயாளியையும் முதியவரையும் பார்த்தபின் மனம் மாறித் துறவியானவர். கதை தெரிந்ததுதானே? புத்தர் கதையேதான். ஞானம் பெறுமுன் புத்தரைக் குறிக்கும் போதிசத்வர் என்ற சொல் அரபிக்குப் போனபோது ‘பூதாசஃப்’ ஆனது. அரபியில் சொல்லின் தொடக்கத்தில் ‘ப’வுக்குக் கீழே ஒரு புள்ளி, ‘ய’வுக்கு இரண்டு புள்ளி. எங்கோ ஒரு புள்ளி கூடிவிட, ‘யூதாசஃப்’ என்றாகிவிட்டது. அங்கிருந்து ஜார்ஜிய மொழி, கிரேக்கம், லத்தீன் என்று பயணம் போய் யோசபாத் ஆனார். ஒரு புள்ளியின் வேலை, ஐயா. இதைக் கண்டுபிடித்தவர்கள் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்கள்.

இது பிற்காலக் கதை. ஆதிக் காலத்துக்குப் போனால் சான்றுகள் மெலிகின்றன. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, இந்தியரில் சிலர் ‘பூத்தா’வை, அதாவது புத்தரை, பின்பற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேவில் 71 செ.மீ. உயரப் பளிங்குப் புத்தர் சிலை கிடைத்தது. அதே கரையில் குசைர் அல் கதீமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ என்று இருக்கிறது. ஒறி என்றால் நம் வீட்டு உறிதான். ஆக, கப்பல் போனது, ஆள் போனான், பானையும் போனது. போதனையும் போனதா என்பது வேறு கேள்வி.

மகள் ஆராய்ச்சிக்கு லாயக்கா என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். லூக்கா நற்செய்தியில் கெட்ட குமாரன் உவமை இருக்கிறது. பௌத்தத்தின் தாமரைச் சூத்திரத்திலும் வீட்டை விட்டுப் போன மகன் கதை இருக்கிறது. லூக்காவில் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். அங்கேயோ தகப்பன் தான் யாரென்று சொல்லாமலே மகனை இருபது வருடம் சாணி அள்ள வைக்கிறார். (உங்களுக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.) தாமரைச் சூத்திரத்தின் முதல் சீன மொழிபெயர்ப்பு கி.பி. 286. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அவளிடம் கேளுங்கள். பட்டென்று பதில் சொன்னால் இன்னும் பக்குவப்படவில்லை. “எந்த வழியாகப் போயிருக்கும், எந்த மொழியில் போயிருக்கும்?” என்று திருப்பிக் கேட்டால் தடுக்காதீர்கள்.

இனி சோறு. ஒப்பீட்டுச் சமயம் என்று தனித்துறைகள் நம் நாட்டில் குறைவு, பணியிடங்களும் குறைவு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் அதற்குத் தனித்தாள் உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வந்துவிடும், உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: எம்.ஏ.வை வரலாற்றிலேயே முடிக்கட்டும். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணிக்கு அதே பாடத்தில் எம்.ஏ.வும் பி.எட்.டும் கேட்பார்கள். அந்தக் கதவை இருபது வயதிலேயே மூட வேண்டாம். பி.எச்டி.யில் சமயத் தலைப்பு எடுத்துக்கொள்ளலாம். இல்லை, இப்போதே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தால், பீகாரில் ராஜ்கிரின் நாளந்தா பல்கலைக்கழகத்தில் பௌத்தமும் ஒப்பீட்டுச் சமயமும் சேர்ந்த படிப்பு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுகள் துறை இருக்கிறது.

ஆனால் பட்டத்தைவிட மொழிதான் இங்கே முதல். கிரேக்கம், மேற்காசியாவின் பழைய மொழியான சிரியாக், பாலி, சமஸ்கிருதம் இவற்றில் குறைந்தது இரண்டு மொழி வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் முதலில் கேட்பதே “எந்த மொழி படிப்பாய்?” என்றுதான். நமக்குப் பக்கத்தில் இருப்பது சிரியாக். கேரளத்து தோமா கிறிஸ்தவர்களின் மரபான வழிபாட்டு மொழி அது. இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் பழைய நூலும் அந்த மொழியில்தான் இருக்கிறது. கோட்டயத்தில் புனித எப்ரேம் ஆய்வு நிறுவனத்தில் கற்றுத் தருகிறார்கள். இரவு ரயில் தூரம்தான்.

சிரியாக்கில் மொத்தம் 22 எழுத்து. செமஸ்டர் லீவில் அதை எழுதிப் பழகச் சொல்லுங்கள். லீவு முடிந்ததும் எனக்குப் போன் போடுங்கள். அப்போது போனை அவளிடம் கொடுத்துவிடுங்கள், இந்த முறை நீங்களே பேசிவிட்டீர்கள்.