உந்துதல் இரண்டே நாளில் வடிந்துவிடுகிறதே?

ஜவுளிக்கடையில் வேலை. வயது 27. இரவு ஒன்பதரைக்குத்தான் கடை சாத்துவார்கள். குரூப் 4 தேறி அரசு வேலைக்குப் போவது கனவு. ஊக்கமூட்டும் வீடியோ பார்த்தால் இரண்டு நாள் விழுந்து விழுந்து படிக்கிறேன். மூன்றாம் நாள் புத்தகத்தைத் தொட மனம் வருவதில்லை. எனக்கு வைராக்கியம் போதவில்லையா?
- வாசகர், விருதுநகர்

வைராக்கியத்தில் குறையில்லை. நாளெல்லாம் நின்று வேலை பார்த்த உடம்பிடம் இரவு பத்து மணிக்கு மேல் படிப்பைக் கேட்கிறீர்கள். அது இரண்டு நாள்தான் தாங்கும். வீடியோ தருவது ஆசையை. அது உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எந்த நேரம், எந்த இடம், எந்தப் பாடம் என்ற முடிவுதான் இல்லை.

படிப்பைக் காலைக்கு மாற்றுங்கள். "காலையில் பல் துலக்கியதும் மேசையில் உட்கார்ந்து பத்துக் கேள்விக்கு விடை போடுவேன்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள், வெறும் இலக்கு மட்டும் வைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று ஆய்வுகளில் காட்டியவர் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். புத்தகத்தை இரவே திறந்து வைத்துவிடுங்கள். செல்போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும்.

பத்துக் கேள்வி போதுமா என்று தோன்றும். முதல் மூன்று வாரத்துக்குப் போதும். மனம் வந்தால் கூடப் போடலாம், வராவிட்டால் பத்தோடு எழுந்துவிடலாம். உட்கார்ந்த பிறகுதான் பெரும்பாலும் மனம் வரும்.

தமிழில் தொடங்குங்கள். தேர்வில் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்புப் பாடநூலிலிருந்து வரிசையாக வாருங்கள். தப்பான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: படிக்காதது, குழம்பியது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குப் பாடநூல், இரண்டாவதற்கு ஒப்பிட்டு எழுதும் அட்டவணை, மூன்றாவதற்கு நேரம் வைத்துப் பயிற்சி.

ஒரு நாள் தவறினால் பெரும்பாலோர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாள் வரை பிடித்தது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. விட்டதை மறுநாள் சேர்த்துப் படிக்காதீர்கள். அன்றைய பத்தை மட்டும் போடுங்கள்.

தனியார் பள்ளி ஆசிரியை நான், வயது 36. தம்பிக்குச் சென்னையில் வீடு, கார். உறவினர் பேச்சில் நான் தோற்றவள். சிறுவயதில் விட்ட வீணையைத் திரும்ப எடுக்க ஆசை. "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார்கள்.
- வாசகி, தஞ்சாவூர்

ஒரு கேள்வியை உங்களையே கேளுங்கள்: யாரிடமும் சொல்லக்கூடாது என்றாலும் இது வேண்டுமா? தம்பியின் கார், வீடு, உங்கள் வீணை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். சொல்ல ஆளில்லாதபோது எதன் மேல் ஆசை குறைகிறதோ, அது மற்றவர் வைத்த அளவுகோல். பணத்தை இதில் கலக்காமல், வீட்டுச் செலவு, சேமிப்பு, அவசரத் தேவை மூன்றையும் கூட்டி மாதம் எவ்வளவு போதும் என்று ஒரு தொகையைத் தனியே எழுதிவிடுங்கள். வருமானம் அதைத் தொடாவிட்டால் அதற்கு வழி தேடுவது வேறு வேலை. அது தோல்வி ஆகாது.

வீணையை முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். நெடுநாள் கிடந்த வீணையில், தந்தியை அழுத்தும் உலோக மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகியோ வெடித்தோ இருக்கலாம். அப்போது சுருதி சேராது, குற்றம் உங்கள் விரலில் என்று நினைத்துச் சோர்ந்துபோவீர்கள். தினம் 20 நிமிடம் போதும், ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் வாசியுங்கள். விரல் நுனி காய்க்கும்வரை வலிக்கும். அதற்காக ஒரே நாளில் ஒரு மணி நேரம் வாசித்தால் மறுநாள் தொடமுடியாது. நவராத்திரிக்குள் ஒரு கீதத்தைத் தடங்கலின்றி வாசிப்பது என்று உங்கள் வெற்றியை எழுதி வையுங்கள்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் சேலை விற்கிறேன். ஒன்றரை வருடமாக லாபம் இல்லை. எப்போது விடுவது?
- வாசகி, ஈரோடு

மனம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இரண்டை எழுதுங்கள்: இதற்கு மேல் கைக்காசு போடமாட்டேன் என்ற தொகை, முடிவெடுக்கும் தேதி. அதுவரை மொத்த விற்பனையைவிட, இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று மாதாமாதம் குறித்து வாருங்கள். அது ஏறினால் பொருள் பிடித்திருக்கிறது. விலையிலும் கூரியர் செலவிலும் கணக்கைத் திருத்தலாம். ஏறவே இல்லையென்றால் அந்தத் தேதியில், இருக்கிற சரக்கை அசலுக்குக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.