நான்கு வார சேவை – கடிதம்

ஐயா,

நான் போச்சம்பள்ளி பக்கம். பி.எஸ்சி. விவசாயம் படித்துவிட்டு சந்தூரில் ஒரு மா நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன். வெளிநாடு போய்க் கிராமங்களில் வேலை செய்ய வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே ஆசை. பெங்களூரில் ஒரு ஏஜென்சி நான்கு வாரம் கம்போடியாவுக்கு அனுப்புகிறது. காலையில் அனாதை இல்லத்தில் ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும், மதியத்துக்கு மேல் ஒரு கிராமத்தில் கழிப்பறை கட்ட உதவ வேண்டும். டிக்கெட்டோடு ஒன்றே முக்கால் லட்சம், சான்றிதழ் உண்டு. "அந்தக் காசுக்குத் தோப்புக்குச் சொட்டுநீர் போடலாம்" என்கிறார் அப்பா. "இங்க இல்லாத ஏழைங்களா அங்க இருக்காங்க?" என்பது அம்மா. போகலாமா?

ம., போச்சம்பள்ளி

அன்புள்ள ம.,

அம்மாவின் கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். வெளியே கிளம்பும் எந்தப் பிள்ளையிடமும், அதுவும் பெண் பிள்ளையிடம், இதை யாராவது சொல்லிவிடுவார்கள். ஓசூருக்கு வேலைக்குப் போனாலும் சொல்வார்கள். நீங்கள் வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

அனாதை இல்லத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள் என்பதை யுனிசெஃப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது. வெளிநாட்டு விருந்தாளியும் நன்கொடையும் வர வர இல்லங்கள் பெருகின. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றவர்களே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். மாதத்துக்கு ஒரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டு அழ அழ விமானம் ஏறிப் போவது அந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர் விடுதியில் யாரென்று தெரியாத ஒருவர் நான்கு வாரம் பிள்ளைகளோடு புழங்க வந்தால் நாம் விடுவோமா?

கழிப்பறைக்கு வருவோம். நீங்கள் சிமெண்ட் கலவை போட்டதுண்டா? அந்த ஊரிலும் கொத்தனார் இருப்பார். நீங்கள் கல் எடுத்துக்கொடுக்கும் அந்தச் சித்தாள் வேலைக்கு உள்ளூர்ப் பெண் ஒருத்திக்குக் கூலி கிடைத்திருக்கும்.

நம் பக்கமும் இதே மாதிரி விருந்தாளிகளைப் பார்த்ததுதான். பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊர். ஃபுளோரைடு தண்ணீர், பிள்ளைகளுக்கெல்லாம் பல்லில் பழுப்புக் கறை. வெளிநாட்டு மாணவர் குழு ஒன்று வந்து அங்கன்வாடியில் டிரம் வடிகட்டி ஒன்று வைத்தது. மாலை, மேளம், போட்டோ எல்லாம் ஆயிற்று. அந்த வடிகட்டிக்குள் இருக்கும் அலுமினா என்ற குருணை கொஞ்ச நாளில் ஃபுளோரைடைப் பிடிப்பதை நிறுத்திவிடும். காரமும் அமிலமும் விட்டுக் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். கழுவ யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, மருந்து வாங்கக் காசும் ஒதுக்கவில்லை. நான் பார்த்தபோது ஆயாம்மா அந்த டிரம்மின் மேல் சத்துமாவு மூட்டையை அடுக்கி வைத்திருந்தார், எலிக்குப் பயந்து. டிரம் என்னவோ நல்ல உறுதி. அப்புறம் 2013இல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே குழாய் உடைந்தால் பார்க்க ஆள் போட்டிருக்கிறார்கள். தாமதமாக வந்தாலும் யாரையாவது கேட்கலாம், சண்டை போடலாம். அந்த மாணவர்களை எங்கே போய்த் தேடுவது?

வெளியாள் வந்தாலே வீண் என்று சொல்ல வரவில்லை. அரூருக்கு அப்பால் சிட்லிங்கிக்கு 1990களின் தொடக்கத்தில் வந்த டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் கேரளத்துக்காரர்கள். குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள், மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள், அங்கேயே தங்கியும் விட்டார்கள். இன்று அது ஆஸ்பத்திரி. 1934இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு பியர் செரிசோல் என்ற சுவிஸ் பொறியாளர் தோழர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ஊர்க்காரர்களோடு மண் சுமந்து வீடு கட்டினார். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கார்ப்ஸ் 1961 முதல் 1976 வரை இந்தியாவில் இருந்தது. அதன் அரசியல் வேறு கதை. ஆனால் அனுப்பிய பிள்ளைகளுக்கு முதலில் மொழி சொல்லிக்கொடுத்தார்கள், அப்புறம் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார்கள். நான்கு வாரத்தில் நீங்கள் கம்போடியாவின் கெமர் மொழியில் கடையில் பேரம் பேசக்கூடப் பழக மாட்டீர்கள்.

உங்களிடம் கைத்தொழில் ஒன்று இருக்கிறது, கடிதத்தில் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். கொட்டையில் முளைத்த இளங்கன்றின் தண்டைக் கீறி, ஒட்டுக்குச்சியைச் சீவிச் செருகி, நாடாவால் காற்றுப் புகாமல் கட்டுவது சந்தூர்ப் பக்கம் தினக்கூலி வேலை. வேறு இடத்தில் அதைச் சொல்லித்தர ஆள் தேடுவார்கள். கம்போடியாவிலும் மாந்தோப்புகள் உண்டு. இரண்டு மூன்று வருடம் போகட்டும். நூறு குச்சி கட்டினால் எத்தனை துளிர்க்கிறது, எது ஏன் காய்கிறது என்பதெல்லாம் கைக்கு வந்த பிறகு, ஒரு பருவம் முழுக்கத் தங்கும்படி போங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பதிவுக்குக் காசு கிடையாது. தேர்வானால் மாதப் படி அவர்களே தருகிறார்கள். 18 முதல் 26 வயதுக்காரர்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. கிடைப்பது சுலபமில்லை, ஆனாலும் பதிந்து வையுங்கள்.

இதற்குப் பிறகும் ஏஜென்சி மேல் நம்பிக்கை இருந்தால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அந்தக் கிராமத்தில் கழிப்பறை வேண்டும் என்று கேட்டது யார்? ஒன்றே முக்கால் லட்சத்தில் ஊருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? குழி நிறைந்தால் யார் பார்ப்பார்கள்? எந்த விசாவில் கூட்டிப் போகிறீர்கள்? (பல நாடுகளில் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலை செய்வதும் விதிமீறல்தான். மாட்டினால் ஏஜென்சி வராது.) போனில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கம்போடியாவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதைத் தாராளமாக வீட்டில் சொல்லுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் அங்கோர் வாட் பார்த்துவிட்டு, வழியில் நான்கு தோப்புக்காரர்களோடு பேசிவிட்டு வரலாம். அதில் ஒரு தப்பும் இல்லை.