கணக்கைச் சாய்ஸில் விடுவது

அன்புள்ள ஐயா,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பாண்டி போய், அங்கே பஸ் மாறி, காலாப்பட்டில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். முதல் செமஸ்டர் நன்றாகப் போனது. இரண்டாவதில் மைக்ரோவும் எகனாமெட்ரிக்ஸும் கீழே இழுத்துவிட்டன. ஆங்கிலமும் தடுமாறுகிறது. கணக்குக் கேள்விகளைச் சாய்ஸில் விட்டுவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குக் கோச்சிங் இப்போதே சேரலாமா? சறுக்காமல் படிக்க ஒரு டைம்டேபிள் சொல்லுங்கள்.
ச., கடலூர்

அன்புள்ள ச.,

இரண்டு பஸ் பிடித்துப் படிக்கப் போகிற பெண்ணைத் திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் திட்டத்தான் வேண்டும். கணக்கைச் சாய்ஸில் விட்டால் எம்.ஏ.வில் மிச்சம் என்னம்மா இருக்கிறது?

நெட்டை இறுதியாண்டில் பார்த்துக்கொள்ளலாம். பாடப்புத்தக ஆங்கிலம் படிக்கப் படிக்கப் பழகிவிடும்.

என் அறைத்தோழன் பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச மாட்டான். வகுப்பில் போர்டில் போட்ட கணக்கை அன்றிரவே எண்களை மாற்றி மறுபடி போடுவான். நாங்கள் நோட்ஸ் மனப்பாடம் செய்துகொண்டிருப்போம். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலும் அவன் அசரமாட்டான்.

கையிலிருக்கும் பணத்துக்குள் அதிகபட்சத் திருப்தி பெறுவது எப்படி என்று கண்டுபிடிக்கும் லக்ராஞ்சியன் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொருள்கள், விலை 10 ரூபாய், 20 ரூபாய். கையில் 200 ரூபாய். இரண்டின் அளவுகளையும் பெருக்கினால் வருவதே பயன்பாடு, அதாவது கிடைக்கும் திருப்தி, என்று வையுங்கள். போட்டுப் பார்த்தால் முதல் பொருள் 10, இரண்டாவது 5, பயன்பாடு 50, லக்ராஞ்சியனில் வரும் பெருக்கியான லாம்டா 0.5 என்று வரும். இதோடு நிறுத்தாதீர்கள். 201 ரூபாய் என்று வைத்து மறுபடி போடுங்கள். பயன்பாடு ஏறக்குறைய 50.5 ஆகும். கூடுதலாக ஒரு ரூபாய் கிடைத்தால் பயன்பாடு எவ்வளவு கூடும் என்பதைத்தான் அந்த லாம்டா சொல்கிறது. நோட்ஸில் இதை நூறு முறை படித்தாலும் ஒட்டாது. ஒரு முறை கையால் போட்டால் மறக்காது.

புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளாதார உறவுகளை அளக்கும் எகனாமெட்ரிக்ஸும் இப்படித்தான். கம்ப்யூட்டரைத் தொடுமுன் ஐந்தே ஐந்து ஜோடி எண்களை வைத்து அவற்றுக்கு மிகப் பொருந்தும் ரிக்ரெஷன் கோட்டைக் கையால் கண்டுபிடியுங்கள். பிழைகளை, அதாவது உண்மையான எண்ணுக்கும் கோடு சொல்லும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களை, கூட்டிப் பாருங்கள், பூஜ்யம் வரும். ஏன் வருகிறது என்று உங்களுக்கே விளங்காமல் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். இரண்டாம் செமஸ்டரில் விட்ட ஓட்டைதான் மூன்றாவதில் பெரிதாகும்.

டைம்டேபிள் கேட்டிருந்தீர்கள், இல்லையா? பஸ்ஸில் தியரி படியுங்கள். வீட்டுக்கு வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், ஒரு கணக்கு. அலுப்பாக இருந்தாலும் ஒன்று.

சரி, மேலே சொன்ன கணக்கில் முதல் பொருளின் விலையும் 20 ஆகிவிட்டது. லாம்டா இப்போது எவ்வளவு, ஏன் குறைந்தது? வழிமுறையோடு எழுதி அனுப்புங்கள். விடையை மட்டும் அனுப்பினால் பார்க்க மாட்டேன்.