ஹன்லேயில் கூடாரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்டோபர் தொடக்கத்தில், அமாவாசையை ஒட்டி, லடாக்கின் ஹன்லேயில் கூடாரம் போட்டு வானம் பார்க்கத் திட்டம். சென்னையிலிருந்து லேவுக்கு விமானம், மறுநாளே ஹன்லே. சரிதானே? (ஈரோடு வாசகர்)

பதில்: மறுநாளே வேண்டவே வேண்டாம். லே 3,500 மீட்டர், ஹன்லே கிராமம் ஏறக்குறைய 4,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்கே. லேயில் இரண்டு முழு நாள் உடம்பைப் பழக்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், நேற்றுப் படுத்த இடத்தைவிட இன்று படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. அதனால் வழியில் சிந்து நதிக்கரையில் வெந்நீர் ஊற்று உள்ள சுமாதாங்கில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள். உயரத்துக்கு உடம்பு பழக அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று சொல்லி, மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

தலைவலியோடு வாந்தி வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். சந்தேகம் இருந்தால், குதிகாலை மறுகால் விரலில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள். ஹன்லேயிலிருந்து வரும் சாலை வெகுதூரம் சமமாகவே போகிறது, உயரம் சட்டென்று குறையாது. வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான்.

கேள்வி: போன முறை ஒரு மலை முகாமில், டப்பாவில் கேஸ் பாதி இருக்கும்போதே அடுப்பு அணைந்து அணைந்து போனது. சோறும் வேகவில்லை. ஏன்? (மதுரை வாசகி)

பதில்: அது பியூட்டேன் டப்பாவாக இருந்திருக்கும். பூஜ்யம் டிகிரியை நெருங்கும் குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது. எரிய எரிய டப்பாவும் தன்னையே குளிர்வித்துக்கொள்ளும். கையால் தொட்டால் அடிப்பகுதியில் உறைபனி பூத்திருப்பது தெரியும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த டப்பாவை லேயில் வாங்குங்கள், விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். சமைக்கும் முன் அரைமணி நேரம் அதை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். எரியும்போது வெதுவெதுப்பான நீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தலாம், கொதிநீரில் கூடாது. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமலே ஆளைக் கொன்றுவிடும்.

ஹன்லேயில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடேறாது, அரிசி நடுவில் நறுக்கென்றே இருக்கும். பிரஷர் குக்கர் எடுத்துப் போங்கள். நம் ஊரில் 120 டிகிரியைத் தொடும் குக்கர் அங்கே 113 போலத்தான் எட்டும், ஆகவே இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். பருப்பை முந்தைய இரவே ஊறப்போடுவது நல்லது.

கேள்வி: எட்டு அங்குலத் தொலைநோக்கியைச் சுமந்து வரவேண்டுமா? அகத்தியர் நட்சத்திரம் தெரியுமா? (நாகர்கோவில் மாணவர்)

பதில்: வேண்டாம். 2022 டிசம்பரில் ஹன்லே இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் பகுதியாக, அறிவிக்கப்பட்டது. கிராமத்தினருக்கே தொலைநோக்கி கொடுத்து, வானம் காட்டப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள். நீங்கள் 10×50 பைனாகுலர் கொண்டுவந்தால் போதும். அக்டோபர் தொடக்கத்தில் இரவு ஏழரைக்கு தனுசுப் பக்கத்துப் பால்வீதி தென்மேற்கில் தாழ்ந்து நிற்கும். நள்ளிரவில் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்குச் சற்றுக் கிழக்கே உள்ள முக்கோண விண்மீன் திரளை வெறுங்கண்ணால் பிடிக்க முடிந்தால், கண்ணும் வானமும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கிழக்கில் கூம்பாக எழும் மங்கலான வெளிச்சத்தைப் பொழுது விடிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கோள்களுக்கிடையே உள்ள தூசியில் சூரிய ஒளி பட்டுத் தெறிப்பது அது.

அகத்தியர் அங்கே அதிகபட்சம் நாலரை டிகிரிதான் எழுவார், மலை மறைத்துவிடும். உங்கள் ஊரில் 29 டிகிரி வரை வருவார். அவரைப் பார்க்க நாகர்கோவிலே மேல்.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது ஆகும். வண்டிக் கதவைத் திறந்ததும் எரியும் உள்விளக்கு அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். டார்ச்சுக்கும் போன் திரைக்கும் சிவப்புத் தாள். பக்கத்து மலை ஆய்வகத்தில் இரண்டு மீட்டர் விட்டக் கண்ணாடி கொண்ட சந்திரா தொலைநோக்கி வேலை செய்துகொண்டிருக்கும், உங்கள் ஹெட்லைட் அதற்கும் இடைஞ்சல். இன்னொன்று: ஆக்சிஜன் குறைந்தால் இருட்டில் பார்க்கும் திறனும் குறையும். வந்து சேர்ந்த முதல் இரவே வானம் மங்கலாகத் தெரிகிறது என்று சோர்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: கூடாரம் எங்கே போடலாம்? (கோவை வாசகர்)

பதில்: ஊர்க்காரர் காட்டும் இடத்தில், வீட்டுத் தங்குமிடங்களை ஒட்டி. ஈரப் புல்வெளியில் வேண்டாம். கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கும் இடம் அது. மணலில் முளை நிற்காது. கயிற்றைத் தலையளவுக் கல்லில் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள், பிற்பகல் காற்றுக்கு அதுதான் தாங்கும். கூடாரத்தின் மேல் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து மூடினால், நீங்கள் விட்ட மூச்சே உள்ளே உறைந்து விடியற்காலையில் ஸ்லீப்பிங் பேக் மேல் உதிரும். மைனஸ் 15 டிகிரி தாங்கும் பேக் எடுத்து, கேமரா பேட்டரிகளை உள்ளே கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.