பிரேக்கில் கால் வைத்திருக்கும் மூளை

எனக்கு வயது 34. விறைப்புக் குறைபாடு. இரத்தப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. மூளையை ஸ்கேன் எடுத்தால் காரணம் தெரியுமா?

தெரியாது, காசை மிச்சப்படுத்துங்கள். ஆய்வுக்கூட ஸ்கேன் பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி பார்ப்பது. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து இந்தக் குறைக்குக் காரணம் சொல்ல முடியாது. கணக்கில் கவனம் தப்பினால் செத்த மீனின் மூளைகூட வேலை செய்வதாகப் படம் காட்டும். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து அதைக் காட்டியே விட்டார்கள்! உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விடியற்காலையில் விறைப்பு வருகிறதா? வந்தால் இரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. மனத்தடையைத்தான் தேட வேண்டும்.

அப்படியானால் இந்த ஆய்வுகளால் என்ன பயன்?

பயன் உண்டு. பிரான்சில் செர்ஜ் ஸ்டொலேரு குழுவினர், ஆசை குன்றிய ஆண்களுக்கும் மற்ற ஆண்களுக்கும் கிளர்ச்சியூட்டும் காட்சிகளைக் காட்டி மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. கண்குழிகளுக்கு மேலே, முன்மூளையின் அடிப்பகுதியில் ஓர் இடம். மற்றவர்களுக்குக் கிளர்ச்சியின்போது அது அடங்கியது. ஆசை குன்றியவர்களுக்கு அடங்கவில்லை. வண்டி நகராததற்கு ஆக்சிலரேட்டரைக் குறைசொல்கிறோம். கால் பிரேக்கில் இருந்திருக்கலாம். ஆனால் அது காரணமா விளைவா என்று படம் சொல்லாது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டில் 2002இல் நடந்த ஆய்வில், தடதடவென்று அதிரும் ஸ்கேனர் குழாய்க்குள் மல்லாந்து படுத்தவர்களின் உறுப்பில் விறைப்பை அளக்கக் காற்றழுத்தப் பட்டை ஒன்றையும் மாட்டியிருந்தார்கள். அதையா படுக்கையறை என்பது?

வயது 52, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். எனக்கும் மூளையில்தான் கோளாறா?

மூளையை விடுங்கள், இதயத்தைப் பாருங்கள். ஆணுறுப்புக்குப் போகும் தமனி 1 முதல் 2 மி.மீ. அகலம், இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. அடைப்பின் அறிகுறி சிறிய குழாயில்தான் முதலில் தெரியும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவரானால் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையைத் தொடவே கூடாது; இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கியதிலிருந்து விந்து வெளியேறத் தாமதமாகிறது. மூளை கெட்டுவிட்டதா?

இல்லை. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்; அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார்.