வாசிப்பின் வேகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் அடுத்தடுத்து மூன்று நூல்களை வாசித்தேன். மூன்றும் மூன்று வகை. ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய ‘சோலாரிஸ்’ நாவல் (ஆங்கிலத்தில்), நாஜி முகாமிலிருந்து மீண்ட தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மேன் காமிக்ஸாகச் சொல்லும் ‘மௌஸ்’ இரு பாகங்கள், ‘XIII’ என்ற பிரெஞ்சு காமிக்ஸ் தொடரின் தமிழாக்கமான லயன் காமிக்ஸின் ‘இரத்தப் படலம்’ வண்ணத் தொகுப்பு.

சோலாரிஸை தார்க்கோவ்ஸ்கியின் படம் பார்த்த பிறகு வாசித்தேன். நாயகன் கெல்வினின் இறந்துபோன துணைவி ரேயா திரும்பி வரும் பகுதிகள் உலுக்கிவிட்டன. ஆனால் கெல்வின் நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆராய்ச்சிகளைப் புரட்டும் அத்தியாயங்கள் பாடப்புத்தகம் மாதிரி இருந்தன. அவற்றைத் தாண்டிவிட்டேன்.

மௌஸை ஒரே மாலையில், மூன்று மணி நேரத்தில் முடித்தேன். இத்தனை புகழ்பெற்ற நூலின் ஓவியம் ஏன் கிறுக்கல்போல இருக்கிறது? எல்லா எலிக்கும் ஒரே முகம். யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்தது சிறுவர் கதைபோலத் தோன்றியது.

இரத்தப் படலத்தில் முதல் எட்டு ஆல்பங்கள் (தொடரின் தனி நூல்கள்) பறந்தன. அதன்பின் ஒரே இழுவை. பொதுவாகவே தமிழ் காமிக்ஸ் வசனங்களில் ஆச்சரியக்குறிகள் ஏன் இத்தனை?

நாவல் ஒரு வாரம் உடன் இருக்கிறது. காமிக்ஸ் ஒரு மாலையில் தீர்ந்துவிடுகிறது. அதை நாவலுக்கு நிகராக வைத்துப் பேசலாமா என்பது என் சந்தேகம்.

ஆர்.,
கோவில்பட்டி

அன்புள்ள ஆர்.,

இரத்தப் படலம் பற்றி நீங்கள் சொல்வது சரி. மற்ற இரண்டிலும் குறை நூலில் இல்லை, வாசித்த வேகத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மௌஸ் இரு பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 பக்கங்கள். மூன்று மணி நேரம் என்றால் பக்கத்துக்கு 36 நொடி. பக்கத்தில் ஏழெட்டுக் கட்டங்கள் இருந்தால், ஒரு கட்டத்துக்கு ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியில் வசனத்தைப் படித்துவிடலாம், படத்தைப் பார்க்க முடியாது. நீங்கள் மௌஸின் வசனத்தை மட்டும் வாசித்திருக்கிறீர்கள்.

வசனத்தையும்கூட முழுக்க வாசித்தீர்களா என்று எனக்கு ஐயம். கட்டங்களின் மேலே வரும் தந்தை விளாடெக்கின் விவரணையை மறுபடி பாருங்கள். உடைந்த ஆங்கிலம், சொற்கள் முன்பின்னாக வரும். அமெரிக்காவில் குடியேறிய போலந்து யூதக் கிழவரின் பேச்சு அது. அதே கட்டத்துக்குள், போர்க்காலத்து இளைஞன் விளாடெக்கின் பேச்சு பலூனில் ஆங்கிலம் சரளமாக ஓடுகிறது. அங்கே அவன் பேசுவது தன் சொந்த மொழியில் என்பதால்தான். நாடும் மொழியும் போனபின் ஒரு மனிதனுக்கு எவ்வளவு போயிற்று என்பதை ஸ்பீகல்மேன் எங்கும் சொல்வதில்லை. கட்டத்தின் மேல்வரிக்கும் பலூனுக்கும் நடுவே வைத்துவிடுகிறார். நாவலில் இதைச் செய்ய ஒரு பத்தியாவது வேண்டும். இங்கே ஒரே பார்வையில் இரண்டு வயதும் இரண்டு குரலும் சேர்ந்து நிற்கின்றன.

ஓவியம் கிறுக்கல்போல இருப்பதற்குத் திட்டவட்டமான காரணம் உண்டு. காமிக்ஸ் ஓவியர்கள் வழக்கமாக அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைவார்கள். சுருக்கி அச்சிடும்போது கோடு கூர்மையாகும், கை நடுக்கம் மறையும். மௌஸை ஸ்பீகல்மேன் அச்சாகும் அதே அளவில், தட்டச்சுத் தாளில், எழுதும் பேனாவால் வரைந்தார். கோட்டின் தடுமாற்றம் அப்படியே நம் கைக்கு வருகிறது, யாரோ ஒருவரின் நாட்குறிப்பைப் பார்ப்பதுபோல. அவருக்கு வேறு மாதிரி வரையத் தெரியாது என்பதல்ல. முதல் பாகத்துக்குள் நான்கு பக்கக் குறுங்கதை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. தாயின் தற்கொலையைப் பற்றி 1973-இல் அவர் தனியாக வெளியிட்டது. மனித முகங்கள், செதுக்கியதுபோன்ற கருங்கோடுகள், பக்கத்தின் ஓரம் முழுக்கக் கறுப்பு. புத்தகத்தை மூடிப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் பக்கங்கள் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்த உரத்த பாணியில் 300 பக்கம் போயிருந்தால் நம்மால் தாங்க முடியாது. பாணியைத் தணித்ததால்தான் முகாமின் கதையை நெடுகச் சொல்ல முடிந்தது.

எலி முகங்கள் ஒன்றுபோல இருப்பதும் அப்படித்தான். மனிதரை இனமாக மட்டும் பார்க்கிறவன் கண்ணுக்கு அவர்கள் எல்லோரும் ஒரே முகம். அந்தக் கண்ணை எடுத்து நம் முகத்தில் பொருத்திவிட்டு, பிறகு நூல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கிறது. போலந்துக்காரர்கள் பன்றிகளாக வருவார்கள். விளாடெக்கும் மனைவி அன்யாவும் போலந்துக்காரர்போல நடித்துத் தெருவில் நடக்கும் இடத்தில் இருவர் முகத்திலும் பன்றி முகமூடி, பின்னால் கயிறு. ஆனால் அன்யாவுக்கு எலி வால் வெளியே தெரிகிறது. அவளைப் பார்த்தால் யூதப் பெண் என்று எளிதில் கண்டுகொள்வார்கள் என்பதுதான் அதன் பொருள். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓவியரே மனித முகத்தின் மேல் எலி முகமூடி கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கீழே பிணக்குவியல். சிறுவர் கதையின் விலங்குகளுக்குக் கயிறு கிடையாது. கயிறு தெரியும் இடங்களை மட்டும் தேடி ஒருமுறை புரட்டுங்கள்.

மறுவாசிப்புக்கு நான் சொல்லும் முறை இது. பக்கத்தைத் திருப்பியதும் எதையும் படிக்காமல் முழுப் பக்கத்தையும் ஒரே படமாகப் பத்து நொடி பாருங்கள். விளாடெக்கும் அன்யாவும் போக இடமின்றி நிற்கும் கட்டத்தில் பாதைகளே ஸ்வஸ்திகா வடிவில் பிரிகின்றன. கட்டங்களைத் தனித்தனியாகப் படித்துப் போகிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள். பிறகு வழக்கம்போலப் படியுங்கள். கடைசியாக வசனத்தை விட்டு, படங்களை மட்டும் வரிசையாக ஒருமுறை. ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். அப்போது மௌஸும் ஒரு வாரத்துக்குமேல் உடன் இருக்கும்.

சோலாரிஸுக்கு வருகிறேன். ‘ரேயா’ என்று எழுதியிருப்பதால் உங்கள் கையில் இருப்பது 1970-இல் வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு. அது போலிஷ் மூலத்திலிருந்து வந்ததல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. மூலத்தில் அவள் பெயர் ஹாரே. ‘ஸ்னோ’ என்று வரும் விஞ்ஞானி மூலத்தில் ஸ்னாவ்த். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த லெம்முக்கே அந்த மொழிபெயர்ப்பில் திருப்தி இல்லை. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேராகச் செய்த ஆக்கம் 2011-இல் வந்தது. முடிந்தால் அதை வாசியுங்கள். பெயரைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் தாண்டிய நூலக அத்தியாயங்கள்தான் நாவலின் நடுத்தூண். படம் பூமியில் தொடங்குகிறது, வீடு, குளம், தந்தை என்று நெடுநேரம் நிற்கிறது. நாவலில் முதல் வரியிலேயே கெல்வின் கலத்துக்குள் இறங்கத் தயாராகிறான். படத்தின் நினைவோடு போனதால் நீங்கள் காதல் கதையைத் தேடினீர்கள். லெம் அந்தக் காதல் கதைக்குப் பக்கத்தில் இன்னொரு தோல்வியை அடுக்குகிறார். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் சோலாரிஸ் கோளை மூடியிருக்கும் உயிருள்ள கடலைப் பார்த்து, அதில் எழும் உருவங்களுக்கு மிமாய்டு, சிமெட்ரியாடு, அசிமெட்ரியாடு என்று பெயர் வைக்கிறார்கள், பிரிக்கிறார்கள், பள்ளிகளாகப் பிளந்து சண்டையிடுகிறார்கள். கடல் என்ன நினைக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு அறைக்குத் திரும்பும் கெல்வினுக்கு எதிரே ஹாரே உட்கார்ந்திருக்கிறாள். அவன் நினைவிலிருந்து கடல் செய்து அனுப்பியவள். அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததும் நூலகம் கடலைப் பற்றி அறிந்த அளவுதான். நூலகத்தைத் தாண்டினால் அவள் வெறும் ஆவிக்கதை நாயகி ஆகிவிடுகிறாள். கலைச்சொற்களை நினைவில் வைக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு கோட்பாடும் எங்கே கைவிடப்படுகிறது என்பதை மட்டும் கவனித்துப் போனால் போதும்.

இரத்தப் படலத்தின் இழுவைக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. வான் ஹாம் எழுதி வான்ஸ் வரைந்த அந்தத் தொடர் 1984-இல் தொடங்கி ஏறத்தாழ ஆண்டுக்கு ஓர் ஆல்பமாக வந்தது. நினைவிழந்தவன் யார் என்ற கேள்வி, ஜனாதிபதி கொலைச் சதி, சதிகாரர்கள் இருபது பேரின் எண்கள், இவையே எரிபொருள். எட்டாவது ஆல்பத்தில் முதலாம் எண்காரன் யார் என்று தெரிந்ததும் எரிபொருள் தீர்ந்தது. பிறகு வம்சாவளி, மூன்று வெள்ளிக் கடிகாரங்கள், புதையல் என்று புதிதாக விறகு தேடவேண்டி வந்தது. ஓராண்டு காத்திருந்து படித்தவருக்கு முன்கதைச் சுருக்கம் தேவைப்பட்டது. தொகுப்பாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு அதே சுருக்கம் சலிப்பு. எட்டில் நிறுத்திவிட்டு வேறு ஏதாவது படித்துத் திரும்புங்கள். பதின்மூன்றாம் ஆல்பம் கதையே அல்ல, வழக்குக் கோப்பு மாதிரியான தொகுப்பு. அதைத் தனியாக எடுத்துப் பாத்திரங்களைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம்.

ஆச்சரியக்குறி பற்றி. ஆங்கில காமிக்ஸில் வசனம் பெரிய எழுத்தில் இருக்கும், அழுத்தம் வேண்டிய சொல்லைத் தடிமனாக்குவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. சின்ன அளவில் தடிமனாக்கினால் ணை, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். குரல் உயர்வதைக் காட்ட மிச்சமிருப்பது ஆச்சரியக்குறி மட்டும்தான், அதனால் அது எல்லா வேலைக்கும் போகிறது. இன்னொரு சிக்கல் பலூனின் அகலம். பிரெஞ்சுச் சொற்களுக்காக வரைந்த பலூனில் ‘கொண்டுவரவேண்டியிருக்கிறது’ என்ற சொல்லை வைத்தால் மூன்று வரியாக உடையும், கண் இடறும். நல்ல மொழிபெயர்ப்பாளர் முதலில் ‘நான்’, ‘நீ’களை எடுத்துவிடுவார். வினைமுற்றிலேயே ஆள் இருக்கிறான், யார் பேசுகிறார் என்பதைப் பலூனின் வால் காட்டுகிறது. ‘நான் இப்போதே வந்துகொண்டிருக்கிறேன்!’ என்பதை ‘இதோ வர்றேன்’ என்று முடித்தால் குறியும் தேவைப்படாது.