வாரண்ட் இல்லாமல் பிடித்தால் கேஸ் நிற்காதா?

கேள்வி: ஏற்காடு காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் என் தம்பியைச் செவ்வாய் மாலை மஃப்டியில் வந்த போலீஸார் கூட்டிப்போனார்கள். வாரண்ட் காட்டவில்லை. வியாழன் காலைதான் சேலத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். களத்தில் காய்ந்த மிளகு இரண்டு மூட்டையைத் திருடியதாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மூட்டைகளை லயன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில் எடுத்ததாகக் கணக்கு. கைதே தப்பு என்றால் கேஸ் தள்ளுபடி ஆகிவிடும்தானே?

பதில்: ஆகாது. வாரண்டை முதலில் மறந்துவிடுங்கள். வேலைக்காரர் முதலாளி பொருளைத் திருடினார் என்ற குற்றச்சாட்டுக்கு வாரண்ட் தேவையில்லை. ஆனால் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் கைது செய்தது ஏன் என்று போலீஸ் எழுதிவைக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

உங்களுக்குச் சாதகமானது நேரம். பயண நேரம் போக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினாலும் ஏற்காட்டிலிருந்து சேலம் ஒரு மணி நேரம்தான்! கைதுக் குறிப்பில் புதன் மாலை என்று எழுதியிருப்பார்கள், பாருங்கள். செவ்வாயன்றே ஸ்டேஷனில் இருந்தான் என்பதற்கு ஸ்டேஷன் கேமரா பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி இப்போதே கோர்ட்டில் மனுப் போடுங்கள். இது தம்பியை வெளியே கொண்டுவர உதவும். கேஸை முடிக்காது. கைதுக்கான காரணத்தைச் சொல்லாவிட்டால் கைது செல்லாது, ஆனால் அதனால் விசாரணையும் குற்றப்பத்திரிகையும் கெடாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் விஹான் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. சோதனை சட்டப்படி நடக்கவில்லை என்பதற்காக மட்டும் கிடைத்த பொருளை ஒதுக்க முடியாது என்பது 1973-இலேயே பூரன் மல் வழக்கில் முடிந்துபோன சங்கதி. அமெரிக்கப் படத்தில் இப்படிக் கிடைத்த பொருளைக் கோர்ட் ஒதுக்குவதைப் பார்த்துவிட்டு என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

சரி, கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்? போலீஸிடம் ஒப்புக்கொண்டதை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டம் 23-வது பிரிவு. "நான்தான் திருடினேன்" என்ற வரி குப்பைக்குப் போகும். ஆனால் "மரத்தடியில் வைத்திருக்கிறேன்" என்று அவன் சொன்னதால்தான் மூட்டை கிடைத்தது என்றால், அந்தத் துண்டு மட்டும் உள்ளே வரும். மூட்டை இருக்கும் இடம் போலீஸுக்கு முன்பே தெரிந்திருந்தால் அதுவும் வராது.

அதனால் தம்பியிடம் இதைத்தான் நோண்டிக் கேளுங்கள்: மூட்டையை எடுத்தபோது அவன் அங்கே நின்றானா? அதற்கு முன்பே எஸ்டேட் ஆட்கள் யாராவது அதைப் பார்த்தார்களா? மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் பத்திரம்) சாட்சிக் கையெழுத்துப் போட்ட விஏஓ உண்மையிலேயே மலையேறி வந்தாரா, ஸ்டேஷனிலேயே போட்டாரா? எடுத்ததை வீடியோ பிடித்தார்களா? பிடிக்க வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. ரிமாண்ட் ரிப்போர்ட் (காவலில் வைக்கக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போலீஸ் கொடுத்த அறிக்கை), கைதுக் குறிப்பு நகல்களோடு ஜாமீன் மனுவுக்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.